ஐந்தாவது ஏன்

புகார் மத்தியானம் வந்தது.
ஸ்லோவாக்கியாவில் அது வேலை தொடங்கும் நேரம்,
புதுவயலில் பக்கத்து மில்லில் நெல் அவியும் நேரம்.
கதவு திறந்திருக்கும்போதே
ஒரு சலவை இயந்திரம் சுழலத் தொடங்கிவிட்டதாம்.
யாருக்கும் அடியில்லை. ஒருவர் சட்டை நனைந்தது.
படம் மூன்றில் சிவப்பு அம்புக்குறி:
ஏழாம் துளையில் ஊதா ஒயர், எட்டில் பழுப்பு.
இடம் மாறிக் கிடக்கின்றன.

பட்டைக்கோட்டைப் படித்தால் ஊர் தெரியும், ஆள் தெரியும்.
பதினான்காம் மேஜை.
ஐப்பசி மழை இரவு, இரண்டு நாற்பத்தேழு.
சகாயராணி.

படிவத்தில் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும்.
அதற்கு விதி உண்டு:
விடை ஓர் ஆளில் முடியக் கூடாது,
நம் கைக்கு மீறியதிலும் முடியக் கூடாது.
ஒவ்வொன்றுக்கும் இருநூறு எழுத்து இடம்.

ஏன் மாறியது?
திரும்பிப் பார்த்துக்கொண்டே சொருகினாள்.
ஏன் திரும்பினாள்?
பதினைந்தாம் மேஜையும் அன்று அவளுடையது.
அங்கே முக்காலிகூட இல்லை,
எதிர் வரிசைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.
சோதனைப் பெட்டி ஏன் பிடிக்கவில்லை?
பெட்டி இரண்டு, வரிசை நான்கு.
ஐந்து கட்டுக்கு ஒன்றைத்தான் சோதித்தோம்,
மற்ற நான்கிலும் பச்சை முத்திரை குத்தினோம்.
குத்தியவள் நான்.
(இதை எழுதி, அழித்து,
‘மாதிரிச் சோதனை’ என்று மாற்றினேன்.)

நான்காவது ஏன்:
வரிசை ஏன் நான்கானது?
ஆவணியில் ஒரு வியாழக்கிழமை
எங்கோ ஒரு நாட்டுக்கு வரி ஏறியது.
வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆர்டர் இரட்டித்தது.
முதலாளி கேக் வெட்டினார்.
உலகம் நம் பக்கம் திரும்புகிறது என்றார்.
கை தட்டினோம். நானும் நன்றாகவே தட்டினேன்,
அந்த மாதம்தான் என் சம்பளம் ஏறியது,
தம்பியின் கல்லூரிக் கட்டணம் போயிற்று.
திரும்புகிற உலகத்துக்கு
முக்காலி எத்தனை வேண்டும் என்று
யாரும் எண்ணவில்லை.

ஐந்தாவது ஏன்:
தேதியை ஏன் தள்ளிப் போடவில்லை?
தள்ளச் சொல்லிக் கேட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது.
‘வியட்நாமில் இதே விலைக்குத் தயாராக இருக்கிறார்கள்’
என்ற பதிலும் இருக்கிறது, நாலே வரி.
அனுப்பியவர்தான்
இந்தப் புகாரையும் அனுப்பியிருக்கிறார்.
அவர் பெயர் இருநூறு எழுத்துக்குள் அடங்கும்.
கட்டத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது.

சகாயராணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
தேவகோட்டையிலிருந்து வரும் வண்டி இறக்கிவிட்ட ஈரம்
தோளில் இன்னும் காயவில்லை.
படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கச் சொன்னாள்.
“என் கட்டுதான் மேடம்.
டேப் சுத்தினது பாருங்க, என் சுத்து.”
குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலா அது,
கையெழுத்தை அடையாளம் காட்டுகிற குரல்.
பிறகு சொன்னாள்:
“எங்க வீட்டு மெஷின் பின்மூடியைக் கழட்டிப் பார்த்தேன்.
தவணையில வாங்கினது.
உள்ள கட்டியிருக்கான் பாருங்க, கன்றாவி.
நம்ம பெட்டியில போட்டா ஒண்ணுகூடப் பாஸாகாது.”

சிரித்துவிட்டேன்.
சிரித்த கையோடு அதையும் எழுதினேன்:
‘பணியாளருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது.’
அவள் வாசித்தாள்.
“எப்ப மேடம்?” என்றாள்.

கீழே தூத்துக்குடிக்குப் போகும் பெட்டி
கதவு சாத்திக்கொண்டிருந்தது.
மில்லின் உமிக்கரி பறந்து
வெள்ளைச் சீட்டுகளில் புள்ளி வைத்தது,
இருளப்பன் ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
கொழும்பில் கப்பல் மாறும்,
முப்பத்தெட்டு நாளில் அங்கே ஒருவர் பிரிப்பார்.

சகாயராணி பேனாவை வாங்கினாள்.
கையெழுத்துப் போடவில்லை.
கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டு,
“இதுல முக்காலின்னு எழுதுங்க,” என்றாள்.
“அது நம்ம கைக்கு மீறினது இல்லையே.”

எழுதினேன். ஆறு எழுத்துகூட ஆகவில்லை.
மிச்ச இடம் அப்படியே வெள்ளையாக
ஸ்லோவாக்கியா போயிற்று.